மேலே நிற்காத மூன்று

கணித ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிப்பவர்களின் வயது அடுக்கு வடிவில் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும். அங்கயற்கண்ணிக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அவளுக்கு வயது இருபத்தேழு. அதாவது மூன்றின் அடுக்கு மூன்று, 3³. இவ்வளவு ஒழுங்கான வயது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மேல்வரம்பு முப்பது.

சான்றிதழ் சரிபார்ப்பு அறையில் அவள் தன் வயதை அடுக்காகப் பதித்திருந்த கிராஃபிங் கால்குலேட்டரை நீட்டினாள். மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் கெஜலட்சுமி மூக்குக்கண்ணாடியை இறக்கித் திரையைப் பார்த்தார்.

“முப்பத்து மூணு.”

அங்கயற்கண்ணி கால்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். மேலே, சிறிதாக நின்றிருக்க வேண்டிய மூன்று கீழே இறங்கி, மற்ற மூன்றின் பக்கத்தில் அதே பருமனில் நின்றது.

“மேடம், அது அடுக்கு. மேல நிக்கணும். வீட்ல நின்னுச்சு.”

“வீட்ல எல்லாந்தான் நிக்கும். இங்க திரையில தெரியறதுதாம்மா வயசு.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன. அங்கயற்கண்ணிக்கு முழங்கால் வலித்தது. கைப்பையிலிருந்த குடையின் கம்பிகள் துருப்பிடித்திருந்தன.

“திரைப் பிரிவுக்குப் போ. தாழ்வாரத்துல கடைசி ரூம். அஞ்சு மணிக்கு லிஸ்ட் போயிடும், அதுக்குள்ள வந்துடு. இல்லன்னா உனக்கு இந்த வேலை கிடையாது, எந்த வருஷமும் கிடையாது.”

தாழ்வாரத்தில் முதல் கதவுக்கு அப்பால் இரண்டு கதவுகள் இருந்தன. அவற்றைக் கடந்தபோது நான்கு தெரிந்தன. நான்கைக் கடந்தபோது எட்டு. அவள் ஓடினாள். பதினாறு.

பெஞ்சில் நரைத்த தாடியுடன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மடியில் கால்குலேட்டர். சட்டைப்பையில் பெயர் அட்டை: பிலவேந்திரன்.

“ஓடாதீங்க அக்கா. அந்த ரூமுக்கு யாரும் போய்ச் சேர்ந்ததில்ல.”

“உங்களுக்கு என்ன வயசு?”

“இருபத்தொம்பது. அதுக்கு வேற வழியில்ல, அடுக்கு ஒண்ணுன்னு போட்டேன். ஒண்ணு கீழ இறங்கிடுச்சு. இப்ப இருநூத்தித் தொண்ணூத்தொண்ணு. உயிரோட இருக்கேன்னு ஆயுள் சான்று கொண்டாரச் சொல்றாங்க.”

“எவ்ளோ நேரமா உக்காந்திருக்கீங்க?”

“காலைலதான் வந்தேன். அப்ப நவாப் ஆட்சி.”

அவன் அவளுடைய திரையை எட்டிப் பார்த்தான்.

“விரலால மேல தள்ளிப் பாருங்க. என்னோட ஒண்ணு ஒல்லி, வழுக்குது. உங்க மூணுல வளைவு இருக்கு. பிடி கெடைக்கும்.”

அவள் வலக்கை ஆள்காட்டி விரலை மூன்றின் வளைவில் வைத்து மேலே தள்ளினாள். அது ஈரத்துணியைப் போலக் கனத்தது. பிறகு சிறுத்து, மேலே போய் நின்றது. முழங்கால் வலி நின்றது. விரலை எடுத்தாள். மூன்று சரிந்தது, முழங்கால் வலித்தது. மறுபடி தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் ஒரே ஒரு கதவுதான் இருந்தது.

“இருபத்தேழு” என்றார் கெஜலட்சுமி. “இதை அப்பவே காட்டறதுக்கென்ன? சரி, மெஷின்ல பத்து விரலும் வை.”

கால்குலேட்டரை மேசைமேல் கிடத்தி, ஒரு விரலால் மூன்றைப் பிடித்தபடி, மற்ற ஒன்பதையும் ஒவ்வொன்றாகக் கைரேகை இயந்திரத்தில் வைத்தாள். இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஒண்ணு குறையுது.”

“இந்த விரலை எடுத்தா அடுக்கு இறங்கிடும் மேடம்.”

“எடுத்தா வயசு தாண்டிடும். வைக்கலேன்னா விண்ணப்பம் தள்ளுபடி.”

மணி ஐந்தாக இரண்டு நிமிடங்கள் இருந்தன. கெஜலட்சுமி இரக்கம் அற்றவரல்லர். இழுப்பறையிலிருந்து இளஞ்சிவப்புத் தாள் ஒன்றை எடுத்தார்.

“விரல் இல்லாதவங்களுக்கு விலக்கு இருக்கு. வலது கை ஆள்காட்டி விரல் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு.”

“இருக்கே மேடம்.”

“இருந்தா மெஷின்ல வை.”

அங்கயற்கண்ணி இடக்கையால் எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

“அந்த விரல் இல்லாதவங்க இப்படித்தான் எழுதுவாங்க” என்று சொல்லிக் கெஜலட்சுமி முத்திரை குத்தினார். இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

அவள் வலக்கையைத் திரும்ப எடுத்தபோது நான்கு விரல்களே வந்தன. ரத்தம் இல்லை. ஆள்காட்டி விரல் திரைமேல் தனியே நின்று, சிறிய மூன்றை மேலே தாங்கிக்கொண்டிருந்தது. கெஜலட்சுமி கால்குலேட்டரை அசங்காமல் இரண்டு கைகளாலும் தூக்கி, இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

“சாக்பீஸ் பிடிக்க நாலு போதும். திங்கக்கிழமை போய்ச் சேர்ந்துக்க.”

“சாவி யார்கிட்ட இருக்கும் மேடம்?”

“என்கிட்ட. நான் மாறிப் போனா, அடுத்து வர்றவங்ககிட்ட.”

“அவங்க அந்த விரலை எடுத்துட்டா?”

“விரல்தான் இல்லையே. இல்லாததை எப்படிம்மா எடுப்பாங்க?”

அங்கயற்கண்ணி பணி ஆணையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கு இருபத்தேழு வயது. முழங்கால் வலிக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தை அடைவதற்குள், பூட்டிய அலமாரிக்குள் விரல் மெல்ல நடுங்கத் தொடங்கியதை அவள் உணர்ந்தாள்.