ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்த அடி

மனோரஞ்சிதத்துக்குக் கைவேலை என்றால் வேப்பங்காய். பள்ளிக்கூடக் காலத்தில் அவள் பின்னிய கைக்குட்டையைத் தையல் ரீச்சர் தூக்கிப் பிடித்து, இதில் மீன் பிடிக்கலாமா என்று வகுப்பையே கேட்டார். அன்றோடு ஊசியையும் நூலையும் அவள் கைகழுவிவிட்டாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மகள் மைதிலி, டென்மார்க்கின் விபோர்க் நகரத்தில் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய நாள் முதல், வெட்டியதும் ஒட்டியதுமாகக் கொண்டுவந்து வீட்டை நிறைத்தாள். முட்டைப் பெட்டியில் ஒரு பச்சைப் புழு. கக்கூஸ் தாளின் உள்மட்டையில் முடி வைத்த ராசா. நெருப்புப் பெட்டிகளை அடுக்கிச் செய்த அலுமாரி. அதன் இழுப்பறைகளுக்குள் கொஞ்சம் பருப்பும் ஒரு சோற்றுப் பருக்கையும் பத்திரமாக இருந்தன.

எறியவும் முடியாது. எறிந்தால் மைதிலி குப்பை வாளிக்குள் தலையை விட்டுத் தேடி எடுத்துவிடுவாள்.

"அஞ்சு வயசு முடியப் போகுது. ஒரு ஆனா ஆவன்னா இல்லை. வெட்டி ஒட்டவோ பிள்ளையை அனுப்பினனாங்கள்?" என்று மனோ கணவனைக் கேட்டாள்.

"இஞ்சை ஏழு வயசிலைதான் எழுத்துத் தொடங்குவினமாம். பேசாமல் இரும்" என்றான் மகேந்திரராசா. அவன் நாள்தோறும் டெனிஷ் வகுப்புக்குப் போகிறவன். ஆகவே டென்மார்க்கைப் பற்றி அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவனுடையது. மனோவிடம் கைக்குழந்தை, மைதிலியின் தம்பி. தம்பி கொஞ்சம் வளர்ந்த பிறகு வகுப்புக்கு வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளிடம் இருந்த டெனிஷ் எல்லாம் வணக்கம், நன்றி, பால், நாளைக்கு, அம்மா, அப்பா. இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் அவள் ஒரு வருசமாக அந்த ஊரில் குடித்தனம் நடத்தினாள்.

பாலர் பள்ளியைப் பற்றி அவளுக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. அங்கே பிரம்பு எங்கே இருக்கிறது? சேர்க்கப் போன முதல் நாளே கண்ணால் தேடிப் பார்த்தாள். சுவரில் இல்லை, மேசையில் இல்லை. அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்ட அன்று, கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அடியுங்கோ என்று அவளுடைய அப்பா வாத்தியாரிடம் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார். பிரம்பில்லாத பள்ளிக்கூடத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உள் அறையில் எங்கேயாவது வைத்திருப்பார்கள், வெளியாட்களுக்குக் காட்ட மாட்டார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

இதற்கிடையில் கத்தரிக்கோல் சங்கதி வந்தது. போன கிழமை மைதிலியின் ஜாக்கெட்டைக் கழுவப் போட்டபோது பைக்குள் சிவப்புப் பிடி போட்ட சின்னக் கத்தரிக்கோல் ஒன்று அகப்பட்டது. பாலர் பள்ளிச் சாமான். கேட்டதற்கு, "வீட்டிலையும் வெட்டலாம்தானே" என்றாள் பிள்ளை. அந்த மாடிக் கட்டிடத்தில் கறுத்த முகம் உள்ள குடும்பம் இவர்களுடையது ஒன்றுதான். கள்ளர் என்று ஒரு பேர் விழுந்தால் எந்தச் சவர்க்காரம் போட்டும் போகாது. மறுநாள் காலை, யாரும் பார்க்காத நேரம் பார்த்து, கத்தரிக்கோலைப் பாலர் பள்ளியின் கைவேலைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தாள். கணவனுக்குக்கூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பிள்ளையைக் கூட்டிவரப் போனபோது இங்கர் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இளம் பெண் அவள். கையில் ஒரு குச்சிக்கட்டு. ஒரு முழ நீளம். ஈர்க்கு விளக்குமாற்றைப் பாதியாகக் கட்டியது போல மெல்லிய குச்சிகள், அடியில் நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தது. மேலே சிவப்பும் மஞ்சளுமாகக் கிறேப் தாள் நாடாக்கள், ஒரு கோழி இறகு, கறுப்புத் தாளில் வெட்டிய பூனை ஒன்று. இங்கர் மளமளவென்று ஏதோ சொன்னாள். மைதிலியைக் காட்டினாள். குச்சிக்கட்டை ஓங்கி மனோவின் கையில் இரண்டு தரம் தட்டிக் காட்டினாள். அம்மா, அப்பா என்ற இரண்டு சொற்கள் மனோவுக்கு விளங்கின. பிறகு இங்கர் சிரித்தாள்.

சிரிப்பை மனோ கணக்கில் எடுக்கவில்லை. இந்தச் சனம் மழைக்கும் சிரிக்கும், பஸ் தவறினாலும் சிரிக்கும். நாடாவும் இறகும் கட்டியிருந்ததும் அவளுக்குப் புதினமாகத் தெரியவில்லை. ஒரு துண்டுக் கேக்கையே பெட்டியில் வைத்து நாடா கட்டித் தருகிறவர்கள், பிரம்பை மட்டும் சும்மாவா தருவார்கள்? விசயம் வெட்டவெளிச்சம். கத்தரிக்கோல் எடுத்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இவளுக்கு அம்மாவும் அப்பாவும் அடி போடுங்கள் என்று சொல்லிப் பிரம்பையும் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். தெரிந்த ஒரே மறுமொழியைச் சொன்னாள். நன்றி.

வழி நெடுகப் பனிச் சேறு. தம்பியின் வண்டியைத் தள்ளிக்கொண்டு மனோ விறுவிறுவென்று நடந்தாள். மைதிலி குச்சிக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, துள்ளித் துள்ளி வந்தாள். அடி வாங்கப் போகிற பிள்ளைக்கு வந்த கொழுப்பைப் பார் என்று மனோவின் எரிச்சல் கூடியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மைதிலி சப்பாத்தையும் கழற்றாமல் அறைக்குள் ஓடினாள். மனோ பின்னால் போய்ப் பார்த்தால், பிள்ளை கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து குச்சிக்கட்டை மூலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். பிரம்பை ஒளிக்கிற வேலை மனோவுக்குத் தெரியாததா? அவளும் அவளுடைய தமையன்மாரும் எத்தனை பிரம்பைக் கூரைக்குள் செருகியவர்கள். அந்த இடத்தில் அவளுடைய பொறுமை அறுந்தது. காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். குச்சிக்கட்டையும் இழுத்தாள். கெண்டைக்காலில் இரண்டு போட்டாள்.

"களவெடுப்பியோ? இனி ஆரின்ரை சாமானையும் தொடுவியோ?"

மைதிலி முதலில் அழவில்லை. காலைப் பார்த்தாள், குச்சிக்கட்டைப் பார்த்தாள். "இண்டைக்கில்லை அம்மா" என்றாள். "ஞாயிற்றுக்கிழமை. நான்தான் உங்களுக்கு அடிக்கிறது."

"என்ன சொன்னனி? எனக்கு அடிப்பியோ?"

மூன்றாவது அடிதான் பலமானது. குச்சிகள் சில முறிந்தன. சிவப்பு நாடா கிழிந்து தொங்கியது. தாள் பூனை பறந்துபோய்ச் சூடாக்கிக்கு அடியில் விழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மைதிலி அழுதாள்.

பின்னேரம் மகேந்திரராசா கையில் ஒரு கடதாசிப் பையோடு வந்தான். அன்று வகுப்பில் எல்லோருக்கும் மேலே சீனிப்பாகு தடவிய பணிஸ் கொடுத்தார்களாம். "கதையைக் கேளும்" என்று சிரித்துக்கொண்டே கதிரையில் உட்கார்ந்தான். "ஞாயிற்றுக்கிழமை இவையின்ரை ஒரு பெருநாள். பிள்ளையள் குச்சிகட்டி, சோடிச்சு வைச்சு, விடியக் காலமை தாய் தேப்பனைப் படுக்கையிலை வைச்சு அடிச்சு எழுப்புவினமாம். அடி வாங்கினவை பணிஸ் குடுக்கோணுமாம். என்ன சனமப்பா." சொல்லிக்கொண்டே பிரிட்ஜுக்கு மேலே பார்த்தான். முறிந்த குச்சிக்கட்டு அங்கே கிடந்தது. "இதுதானே அது. ஏன் இப்பிடி முறிஞ்சிருக்கு?"

மனோ சொன்னாள். கத்தரிக்கோலில் தொடங்கி ஒன்றும் விடாமல் சொன்னாள். அவன் சிரிப்பு நின்றுபோனது. பணிஸ் பையை மேசையில் வைத்தான்.

"பிள்ளையிட்டைச் சொல்லும்."

"என்னெண்டு?"

"பிழை விட்டிட்டன் எண்டு."

"பிள்ளையிட்டையோ?" என்றாள் மனோ.

அவளைக் கோபிக்க முடியாது. ஒரு தாய் ஐந்து வயதுப் பிள்ளையிடம் பிழை விட்டேன் என்று சொல்லி அவள் காதால் கேட்டதில்லை. அடித்த அம்மா பிறகு கூப்பிட்டு ஒரு துண்டு பலகாரம் தருவார். அதோடு வழக்கு முடியும். மனோவும் அந்த வழியில் போனாள். வெள்ளிக்கிழமை காலையில் றவை வறுத்து உருண்டை பிடித்தாள். மைதிலி ஒன்றை எடுத்துக்கொண்டு "தக்" என்றாள். நன்றி என்பதற்கு டெனிஷ். அயல்வீட்டுக்காரி ஏதாவது கொடுத்தால் சொல்வது போல அதைச் சொன்னாள். மனோவுக்கு அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது.

பிள்ளையைப் பள்ளியில் விட்டு வந்து, தம்பி தூங்கிய பிறகு, குச்சிக்கட்டை மேசையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முறிந்த குச்சிகளை ஒட்டச் செலோரேப் சுற்றினாள். சிவப்பு நாடாவுக்குத் தன் பழைய சட்டை ஒன்றைக் கிழிக்கலாம் என்று கத்தரிக்கோலைத் தேடினாள். வீட்டில் கத்தரிக்கோலே இல்லை. ஒரு வருசமாக இல்லை. அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கறி வெட்டும் கத்தியால் துணியை அறுத்தாள். பூனை நசுங்கிக் கிழிந்திருந்தது. ஓட்ஸ் பெட்டி மட்டையில் புதிதாக ஒன்று வெட்டிக் கண்மை பூசினாள். பூனை என்று சொன்னால் பூனை. பன்றி என்று சொன்னால் அதற்கும் தடையில்லை. தையல் ரீச்சர் கண்டிருந்தால் இன்னொரு பகிடி விட்டிருப்பார். எல்லாவற்றையும் கட்டி, கட்டிலுக்கு அடியில் பிள்ளை ஒளித்த அதே மூலையில் வைத்தாள்.

அன்று மத்தியானம் மைதிலி வெறுங்கையோடு பள்ளியால் வந்தாள். ஒரு புழு இல்லை, ஒரு ராசா இல்லை. சேர்ந்த நாள் முதல் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை. வீட்டில் குப்பை சேராவிட்டால் நிம்மதி என்று இத்தனை நாளும் நினைத்தவளுக்கு அந்த வெறுங்கையைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை மகேந்திரராசா பேக்கரியில் பணிஸ் வாங்கி வந்தான். மனோ சொல்லி ஒரு கத்தரிக்கோலும் வாங்கி வந்தான். "இனி வீட்டிலை வெட்டலாம்" என்று மனோ அதைக் கொடுத்தாள். மைதிலி வாங்கி இழுப்பறைக்குள் வைத்துவிட்டுத் தொலைக்காட்சியின் முன்னால் போய் இருந்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாளா இல்லையா என்று தெரியவில்லை. நாளைக் காலை இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தாய்மாரை எழுப்பப் போகிறார்கள். தன்னுடையவள் வருவாளா? அதை நினைக்க மனோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிறு விடிந்தது. புருசனும் பெண்சாதியும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவதாக நடித்தார்கள். மகேந்திரராசா போட்ட குறட்டையில் தம்பிதான் எழும்பிப் பார்த்தான். பணிஸ் தட்டு பக்கத்து மேசையில் இருந்தது. அடுத்த அறையில் கட்டில் கிறீச்சிட்டது. கக்கூஸில் தண்ணீர் ஓடியது. குசினியில் பிரிட்ஜ் கதவு திறந்து மூடியது. காலடி வரவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ அடிக்கு ஓடி ஒளித்தவள், இன்று ஒரு அடி வராதா என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

கடைசியில் கதவு திறந்தது. மைதிலி வந்து மனோவின் பக்கம் நின்றாள். மூச்சு விடுவது கேட்டது. வேறொன்றும் நடக்கவில்லை. மனோ கண்ணைத் திறந்தாள். பிள்ளை குச்சிக்கட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பிள்ளை, எங்களை எழுப்பேல்லையோ?" என்றான் மகேந்திரராசா. "அடியுங்கோ. பணிஸ் காத்துக்கொண்டிருக்கு."

"வேண்டாம்" என்றாள் மைதிலி.

"ஏன்?"

"இது நோகும்."

"இது விளையாட்டு, பிள்ளை. எல்லாப் பிள்ளையளும்தானே அடிக்குதுகள்."

"அவைக்குத் தெரியாது" என்றாள் மைதிலி. "இது நோகும்."

அந்தக் கிழமை பாலர் பள்ளியில் எத்தனையோ பிள்ளைகள் குச்சிகட்டி, இறகு செருகி, பூனை ஒட்டினார்கள். அது நோகும் என்று தெரிந்த பிள்ளை அவர்களில் ஒன்றே ஒன்றுதான். மனோ போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து இருந்தாள்.

"ஓம்" என்றாள். "நோகும்தான். அண்டைக்கு உனக்கு நொந்தது. நீ ஆசையாச் செய்து கொண்டுவந்தனி. அம்மா விளங்காமல் அடிச்சுப்போட்டன். அம்மாதான் பிழை விட்டனான்."

மைதிலி அவளுடைய முகத்தைக் கவனமாகப் பார்த்தாள். "கத்தரிக்கோல் எடுத்தனான்" என்றாள்.

"அது வேறை கதை" என்றாள் மனோ. சட்டையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக் காலை நீட்டினாள். "இப்ப அடி."

மைதிலி அடித்தாள். அது தட்டல் இல்லை. கையை ஓங்கி, கெண்டைக்காலில், சுளீரென்று ஒன்று. ஓட்ஸ் பெட்டிப் பூனை கழன்று சூடாக்கிக்கு அடியில் போய் விழுந்தது. மகேந்திரராசா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினான். மனோ காலைத் தடவிக்கொண்டே தட்டில் இருந்ததற்குள் பெரிய பணிஸாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

மைதிலி கடித்தாள். "நொந்ததோ?" என்று வாய் நிறையக் கேட்டாள்.

"நொந்தது."

பிள்ளை தலையாட்டினாள். குச்சிக்கட்டை நிலத்தில் வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறி, மனோவின் போர்வைக்குள் சில்லென்ற இரண்டு காலையும் நுழைத்துக்கொண்டாள்.