தலைமுழுகிய கணக்கு

"கணக்கு முடிச்சாச்சும்மா" என்று சொல்லிவிட்டு, கவுண்டரில் இருந்த ஸம்பத்குமார் பாஸ் புத்தகத்தை ஒற்றை விரலால் வைதேஹியின் பக்கம் தள்ளினான்.

"யார் முடிச்சது? நான் முடிக்கலையே!"

"பேங்க்தான் முடிச்சது."

"எதுக்காக?"

"அதெல்லாம் சொல்றதுக்கில்லை. அடுத்து யாரு?"

பின்னால் நின்றவர் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார். வைதேஹி மலைத்துப்போய் விலகி நின்றாள்.

கல்யாணத்துக்கு முன்னால், திருவள்ளூர் குளக்கரைத் தெருத் தட்டெழுத்துப் பள்ளியில் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் அது. செங்குன்றத்தில் ஒருவர் தொழிலை விட்டுவிட்டு இரண்டு டைப்ரைட்டர்களை விற்கிறார். நாளைக்குள் பணத்தைக் கொடுத்தால் இயந்திரங்கள் அவளுக்கு, இல்லையென்றால் வேறொருவருக்கு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிது புதிதாகக் கம்பெனிகள் முளைக்கின்றன. டைப் அடிக்க ஆள் கிடைக்காமல் அவர்கள் பட்டணத்திலிருந்து அழைத்து வருகிறார்கள். புதுவாயல் கூட்டு ரோட்டில் தன் பெயரிலேயே ஒரு பள்ளி திறக்க அவள் அறைகூடப் பார்த்துவிட்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் குப்புராஜ் எழுந்து வந்தான். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் நெல் விளைவிக்கும் குடும்பம் அவனுடையது. அவனோ குழாய்க் கம்பெனியில் ஃபிட்டர். ஒரு காலத்தில் அவளிடம் டைப் கற்றுக்கொள்ள வந்தவன். கற்றது பாதிதான். மிச்ச நேரமெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தால் விரல் எப்படிச் சரியான எழுத்தில் விழும்?

"இன்னாவாம்?"

"கணக்கை மூடிட்டாங்களாம். ஏன்னு சொல்ல மாட்டாங்களாம்."

"நான் போயி கேட்டுக்கினு வரட்டா?"

"நீங்க கேட்டா அடிதடியாயிடும். என் கணக்கு, நானே கேக்கறேன்."

அவள் விடுவிடென்று மானேஜரின் அறைக்குள் நுழைந்தாள். மானேஜர் மங்களூர்க்காரர். மாற்றலாகி வந்து அதிக நாளாகவில்லை. புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர். பாஸ் புத்தகத்தைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

"அம்மா, நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வைதேஹி உயிரோடு இல்லை. இறந்தவளின் பணத்தைக் கேட்டு வந்தால் நான் போலீசைக் கூப்பிட வேண்டும். பெண்ணாயிற்றே என்று பொறுத்துக்கொள்கிறேன்."

வைதேஹி எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நான் செத்துட்டேன்னு யார் சொன்னா?"

"அவள் அப்பாவே சொன்னார், பாஷ்யம் ஐயங்கார். எல்லாரிடமும் புதிதாகக் கையெழுத்து வாங்குகிறோம். எழுதிப் பார்த்தும் பதில் இல்லை, நானே வீட்டுக்குப் போனேன். வைதேஹியைப் பார்க்க வேண்டும் என்றேன். 'அவளைத் தலைமுழுகி வருஷமாச்சு, போம்' என்றார். அப்போதும் அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வருஷத் திதி போலிருக்கிறது என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்."

வைதேஹிக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. கோயில் கைங்கர்யத்துக்கு முன்னால் தினமும் குளத்தில் முங்கிவிட்டு, ஈரத் தலையோடு வீடு திரும்புவது அப்பாவின் வழக்கம். பாவம், இந்த மனிதர் அந்த நேரமாகப் பார்த்துப் போயிருக்கிறார்! ஆனால் அப்பா சொன்னது என்னவோ சொன்னதுதான். வேற்று ஜாதியில் கட்டிக்கொண்டு போன பெண்ணோடு ஒட்டும் வேண்டாம், உறவும் வேண்டாம் என்று அவர் இருப்பது அவளுக்குத் தெரியும். அதையே ஊர் பேர் தெரியாத ஒருவர் வாயால் கேட்டபோது புதிதாக வலித்தது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சாவு சர்டிபிகேட் பார்த்தேளா?"

மானேஜர் விழித்தார். "வாரிசு பணம் கேட்டு வரும்போது..."

"அப்பாவைக் கூப்பிட்டு அனுப்புங்கோ. பொண்ணு செத்துப்போயிட்டான்னு உங்க எதிர்ல வாயைத் திறந்து சொல்லட்டும். சொல்லிட்டார்னா பாஸ் புத்தகத்தை இங்கேயே வச்சுட்டுப் போயிடறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே பயம் வந்தது. கோபத்தில் அப்பா 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால்? பணமும் போகும். இனி எந்த ஜன்மத்திலும் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

பியூன் கலியன் சைக்கிளில் போய் அவரைப் பின்னால் உட்காரவைத்து அழைத்துவந்தான். பெஞ்சில் குப்புராஜைப் பார்த்ததும் பாஷ்யம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே வந்து மகளைப் பார்த்தார். கால் ஒரு கணம் தயங்கியது. அப்புறம் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

மானேஜர் எழுந்து கைகூப்பினார். "சுவாமி, ஒரே ஒரு கேள்வி. உங்கள் மகள் வைதேஹி எந்தத் தேதியில் இறந்தாள்?"

"என்ன கேட்டீர்?"

"உங்கள் மகள் இறந்த தேதி..."

"யாருங்காணும் செத்தது?" அந்தக் குரலில் கவுண்டரில் எண்ணிக்கொண்டிருந்த பணம்கூட நின்றது. "என் பொண்ணா? நாக்கை அலம்பும் ஓய்! தீர்க்காயுசா இருக்கவேண்டிய குழந்தையை, வெள்ளிக்கிழமையும் அதுவுமா..."

"நீங்கள்தானே தலைமுழுகியதாக..."

"அது கோபத்துல சொல்றது! கோபம் வந்தா வாய்ல ஆயிரம் வரும். அதைக் கேட்டுண்டு வந்து கணக்கை மூடிடுவீரா? இதோ எதிர்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காளே, கண்ணு தெரியலை?"

வாசலில் குமாஸ்தாக்கள் கூடிவிட்டார்கள். "அடேங்கப்பா, சாமிக்கு இன்னா கோவம் வருது!" என்றான் கலியன்.

"அப்பா..." என்று எழுந்தாள் வைதேஹி.

"நீ சும்மா இரு. இவரோட பேசிண்டிருக்கேனோல்லியோ!"

ஒரு வருஷத்துக்கு அப்புறம் அப்பா அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. வைதேஹி சமர்த்தாக உட்கார்ந்துகொண்டாள். கண்ணில் முட்டிய நீரைத் துடைக்கவும் தோன்றவில்லை.

மானேஜர் ஒரு தடவைக்கு நாலு தடவை மன்னிப்புக் கேட்டார். கணக்கு அங்கேயே, அப்போதே உயிர் பெற்றது. ஸம்பத்குமார் புதுக் கையெழுத்து அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு, இப்போது வெகு மரியாதையாகக் கேட்டான்:

"வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா."

வைதேஹி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"குப்புராஜ்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா மறுபடியும் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழாய்க் கம்பெனில ஃபிட்டர். வாசம் புதுவாயல். நன்னா எழுதும். தப்பா எழுதி இன்னொரு தரம் சாகடிச்சுடாதேயும்."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"பெத்தவன் விசாரிக்காம இருப்பானா? போ, கையெழுத்தைப் போடு."

வைதேஹி பேனாவை அழுத்தித் தன் முழுப் பெயரையும் எழுதினாள். அப்படி ஒரு கையெழுத்தை அவள் அதுவரை போட்டதில்லை. கொட்டை கொட்டையாக, அட்டையில் இருந்த கோட்டையும் தாண்டி ஓடியது.

பணத்தோடு மூவரும் வாசலுக்கு வந்தார்கள். பாஷ்யம் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ்வளவு பணம் எதுக்கு?"

"டைப் பள்ளி தொறக்கறாங்க மாமா. மிஷினு ரெண்டு வாங்கப் போறோம்" என்றான் குப்புராஜ். 'மாமா' என்று சொல்லிவிட்டு, எந்த நேரமும் திட்டு விழும் என்பதுபோல ஓரடி பின்னால் வைத்தான்.

திட்டு விழவில்லை. "என்னிக்குத் திறக்கறா? நாள் பார்த்தாச்சா?"

"நீங்க பார்த்துச் சொல்லுங்கோப்பா" என்றாள் வைதேஹி.

அவர் வெயிலையும் பொருட்படுத்தாமல் பேங்க் படியிலேயே நின்று, கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டுத் திதியும் நட்சத்திரமும் கணக்குப் போட ஆரம்பித்தார்.

"செங்குன்றம் பஸ்ஸு கெளம்புது மாமா" என்று மெல்லச் சொன்னான் குப்புராஜ்.

"கிளம்பட்டுமே. அடுத்த பஸ்ல போகலாம். நானும்தான் வரேன்."