குல்சீரா அத்தையின் ஏழாவது நிமிடம்

அக்மரலின் நடனத்தில் ஆறு நிமிடம் இருந்தது. ஏழாவது நிமிடம் இல்லை.

அல்மாத்தியில் அவள் படித்த நடனப் பல்கலைக்கழகத்தில் சட்டம் இதுதான்: பட்டம் வாங்குமுன் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு பாலே அமைத்து, சக மாணவர்களை ஆடவைத்து, தேர்வுக் குழுவுக்குக் காட்ட வேண்டும். ஏழு நிமிடம். கூடினால் ஒரு மதிப்பெண் போகும். குறைந்தால் பட்டமே போகும், அடுத்த மே மாதம் வந்து பார்த்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு ஒருத்தி பல்வலியை வைத்துப் பாலே அமைத்திருந்தாள். ஒத்திகை பார்த்த இரண்டு பேர் அரங்கத்திலிருந்து நேரே பல் டாக்டரிடம் போனார்கள். இன்னொருவன் விண்வெளிக் கருந்துளையை அமைத்தான். அதில் ஆடப் போன பையனை இரண்டு நாள் காணவில்லை.

அக்மரல் எடுத்துக்கொண்டது அந்த ஊரின் கயிறு அறுக்கும் சடங்கு. குழந்தை தளர்நடை போடும் பருவத்தில் அதன் கணுக்கால் இரண்டையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றால் கட்டி, சுறுசுறுப்பான ஒரு பெண்ணை விட்டு அறுக்கச் சொல்வார்கள். அறுத்தவளே குழந்தையின் இரண்டு கையையும் பிடித்து நடத்திக்கொண்டு போவாள். அறுத்தவளின் கால் எப்படியோ குழந்தையின் கால் அப்படி. அதனால் சோம்பேறிகளுக்கு இந்த வேலைக்கு அழைப்பே வராது.

அக்மரலுக்கு அறுத்தவள் குல்சீரா அத்தை, அப்பாவின் அக்கா. முப்பத்தொரு வருஷம், மேலே கரண்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் டிராலிபஸ்ஸை ஓட்டியவள். அவள் ஓட்டிய வண்டி நிறுத்தத்துக்கு வருவதற்குள் அவள் வந்துவிடுவாள் என்று நகரத்தில் பேச்சு. அக்மரல் எங்கே ஆடினாலும் பக்கத்து இருக்கைக்காரரின் முழங்கையை இடித்து, "அந்தக் கால் தெரியுதா? அது என் காலு. நான் குடுத்தது" என்று சொல்லிவிட்டுத்தான் கைதட்டுவாள்.

நடனத்தில் எட்டுப் பெண்கள் ஒரே நீளக் கயிற்றில் பிணைந்து ஆடுவார்கள். ஆறாவது நிமிடம் மரக்கத்தி வந்து கயிற்றை அறுக்கும். ஜானியா என்ற பெண் மட்டும் விலகி, கால்விரல் நுனியில் நின்று, முதல் அடிகளை எடுத்து வைப்பாள். அப்புறம்? அக்மரல் பதினான்கு முடிவுகள் அமைத்துப் பார்த்துவிட்டாள். குதிக்கவைத்தாள். சுழலவைத்தாள். எட்டுப் பேரையும் சாகடித்தும் பார்த்தாள். பாலேயில் வழி தெரியாமல் போனால் எல்லாரும் செய்வது அதுதான். எதுவும் ஒட்டவில்லை.

நடன அமைப்புத் துறைத் தலைவி எம்மா கார்லவ்னா ஒத்திகை பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கண்ணாடியைக் கழற்றினால் தலை ஒன்று உருளும் என்பது அந்தக் கட்டடத்தில் பூனைக்குக்கூடத் தெரியும்.

"அந்தப் பொண்ணு நடந்து எங்க போறா?"

"தெரியல, எம்மா கார்லவ்னா."

"உனக்கே தெரியலன்னா அவளுக்கு எப்படித் தெரியும்? ஆறு நிமிஷம் பாலே. ஏழாவது நிமிஷம் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறா."

வெள்ளிக்கிழமை குடும்பத்தாருக்கான காட்சி, சனிக்கிழமை தேர்வுக் குழு. வெள்ளி மதியம் அக்மரல் முடிவைத் தேடவில்லை. வாசலில் நின்று அத்தையைத் தேடினாள். காரணம் உண்டு. அந்த ஊரில் நல்லது நடந்தால் பெண்கள் மிட்டாய் வாரி இறைப்பார்கள். பொறுக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த நல்லது ஒட்டிக்கொள்ளும். கல்யாணத்துக்கு எல்லாரும் இறைப்பார்கள். குல்சீரா அத்தை லிஃப்ட் பழுது நீங்கியதற்கே இறைத்தவள். நுனிக்காலில் நிற்கும் பெண்ணின் காலடியில் ஒரு மிட்டாய் உருண்டால் போதும், கணுக்கால் அன்றைக்கே விடைபெறும்.

அத்தை பாப்லர் மரத்துப் பஞ்சு தலையெல்லாம் ஒட்டியிருக்க வந்தாள்.

"அத்தை, அந்தப் பையக் குடுங்க."

"எந்தப் பை?"

"முதுகுக்குப் பின்னாடி மறைச்சிருக்கீங்களே, அதான்."

"அதுல மருந்து இருக்குடீ. ரத்தக்கொதிப்புக்கு."

அக்மரல் பையை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். "மூணு கிலோ மருந்தா?"

"எனக்குக் கொதிப்பு ஜாஸ்தி."

"மேடையில மிட்டாய் விழுந்தா ஜானியா கால் போயிடும் அத்தை. சத்தியம் பண்ணுங்க, எறிய மாட்டேன்னு."

"நான் ஏன்டீ எறியப் போறேன், என் ஒட்டகக்குட்டி? நான் என்ன பாலே பாக்காதவளா? பையையே குடுத்துட்டேன், வெறுங்கையா போறேன் பாரு." இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்தாள். கோட்டுக்கு எத்தனை பை என்று அக்மரல் கேட்கவில்லை. அங்கேதான் தப்பு.

நடனம் நன்றாகவே போனது. ஆறாவது நிமிடம் கயிறு அறுந்தது. ஜானியா கையை விரித்து, நுனிக்காலில் நடுங்கி நடுங்கி ஓர் அடி வைத்தாள், இரண்டாவது அடி வைத்தாள். பிறகு நடந்தது அத்தை செய்ததல்ல, அவள் கை செய்தது. கயிறு அறுந்து ஒரு பிள்ளை அடி எடுத்து வைப்பதைப் பார்த்துவிட்டு அந்த ஊர்ப் பெண்பிள்ளையின் கை சும்மா இருந்ததாகச் சரித்திரமில்லை. கோட்டுப் பையிலிருந்து முதல் பிடி பறந்தது. அதைக் கண்டதும் அரங்கத்தில் நாற்பது கைப்பைகள் ஒரே நேரத்தில் வாய் திறந்தன. சாக்லேட், கடலை மிட்டாய், புதினா மிட்டாய், யாரோ அவசரத்தில் எறிந்த இருமல் வில்லை. முதல் வரிசையில் ஊன்றுகோலோடு வந்திருந்த ஒரு பெண்மணி கோலைப் போட்டுவிட்டு மலையாடு மாதிரி மேடை விளிம்பில் ஏறிப் பொறுக்கினாள்.

ஜானியாவின் கால் ஒரு மிட்டாய் மேல் பட்டது. நிஜமாகவே தள்ளாடினாள். நிஜமாகவே தொப்பென்று உட்கார்ந்தாள்.

பக்கத்திரைக்குப் பின்னால் அக்மரல் திரைச்சீலையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஜானியா காலைத் தடவிப் பார்த்தாள். கால் இருந்தது. காலையிலிருந்து அரை ஆப்பிளில் காலம் தள்ளியவள் அவள். மடியில் கிடந்த சாக்லேட்டைப் பார்த்தாள். காகிதத்தைப் பிரித்தாள். வாயில் போட்டுக்கொண்டாள். முகம் முழுக்க ஒரு வயதுக் குழந்தையின் சிரிப்பு வந்தது. எழுந்து, பாதம் முழுவதும் தரையில் பதிய, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, குழந்தை நடக்கிற மாதிரியே தத்தித் தத்தி நடந்துபோய், மற்ற ஏழு பேர் வாயிலும் ஆளுக்கொரு மிட்டாய் ஊட்டினாள். பியானோ நின்றது. மேடைக் கடிகாரம் சரியாக ஏழு நிமிடம் காட்டியது.

கைதட்டலில் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. அக்மரல் காதில் அது விழவில்லை. நடைவழியில் அத்தையைப் பிடித்துக்கொண்டாள்.

"எறிய மாட்டேன்னு சொன்னீங்களே. அவ கால் உடைஞ்சிருந்தா? என் பட்டத்தையே தூக்கி எறிஞ்சீங்க, அத்தை. இனிமே என் நடனம் எதுக்கும் வராதீங்க."

அத்தை கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு திரும்பினாள். அவள் போன வேகத்தில் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகள் இரண்டு பறந்தன.

அதே நடைவழியில் எம்மா கார்லவ்னா வந்தாள். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

"இந்த முடிவ எப்போ அமைச்ச?"

'நேற்று ராத்திரி' என்று ஒரு பொய் அக்மரலின் நாக்கு நுனிவரை வந்து, நுனிக்காலில் நின்று பார்த்துவிட்டு, இறங்கிப் போனது. "நான் அமைக்கல. என் அத்தை எறிஞ்சுட்டாங்க."

"தெரியும். உனக்கு இவ்வளவு நல்லா வராது. நாளைக்குக் குழு முன்னால இதே வேணும். இதான் உன் ஏழாவது நிமிஷம்."

"பக்கத்திரையிலேர்ந்து நானே எறியட்டுமா?"

"எறியேன். பஸ்ஸுக்கு நிக்கிறவ தலையில மிட்டாய் விழும், அவ்வளவுதான். அது அரங்கத்துலேர்ந்து வரணும். அத்தையக் கூட்டிட்டு வா."

அக்மரல் அத்தை வீட்டுக்கு ஓடினாள். அத்தை கதவைத் திறந்தாள், உள்ளே விட்டாள். தேநீர் ஊற்றினாள். கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றினாள். வேண்டியவர்களுக்குக் கால் கிண்ணம்தான் ஊற்றுவார்கள், திரும்பத் திரும்ப ஊற்றலாமே என்று. தளும்பத் தளும்ப ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

அக்மரல் நாக்கு வெந்துபோகக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினாள். மறுபடியும் விளிம்பு வரை. அதையும் குடித்தாள். மூன்றாவது கிண்ணமும் விளிம்பு வரை வந்தது. நான்காவதில் ஒரு விரல் குறைந்தது. ஆறாவது கிண்ணம் பாதி. எட்டாவதில் அடியில் ஒரு வாய் தேநீர் மட்டும் இருந்தது. அக்மரல் அதைப் பார்த்து அழுதாள், வயிற்றில் இடம் இல்லாமலும்தான்.

"சரி சரி, அழாத. உன்னைச் சுத்திச் சுத்தி வரேன்டீ, என் ஒட்டகக்குட்டி, என்ன வேணும் சொல்லு."

"நாளைக்கு எறியணும் அத்தை."

"இன்னைக்கு எறியாதங்கற, நாளைக்கு எறிங்கற. பல்கலைக்கழகத்துல இதான் சொல்லித் தராங்களா?"

"கயிறு அறுந்து பதினோரு விநாடி கழிச்சு எறியணும். கரெக்டா."

"பதினோரு விநாடியா? சந்தோஷம் என்ன டிராலிபஸ்ஸா, நேரத்துக்கு வர?"

"உங்க டிராலிபஸ் நேரத்துக்கு வந்துச்சா?"

"அது கரண்ட் குறை" என்றாள் அத்தை.

அன்று மாலை முழுவதும் அத்தை பால்கனியிலிருந்து பயிற்சி செய்தாள். கீழே அந்தத் தெருப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். ஒரு வாரத்துக்கு எந்த வீட்டிலும் ராச்சாப்பாடு செலவாகவில்லை.

சனிக்கிழமை அத்தை கூந்தலைச் சுருட்டி, பச்சை வெல்வெட் சட்டை போட்டு, மிட்டாய்ப் பையை மடியில் பகிரங்கமாக வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். இரண்டாம் வரிசையில் குழு உட்கார்ந்தது. ஐந்து பேர், ஐந்து பேனா, ஐந்து குறிப்பேடு. பின்வரிசைகளில் முந்தைய நாள் வந்த பெண்கள் எல்லாரும் மறுபடியும் வந்திருந்தார்கள்; அவர்களுக்கு மேடைக்காரன் முன்கூட்டியே சொல்லியிருந்தான்: அத்தை ஆரம்பிக்காமல் யாரும் கைப்பையைத் தொடக் கூடாது.

கயிறு அறுந்தது. ஜானியா நுனிக்காலில் எழுந்தாள். பக்கத்திரையில் அக்மரல் எண்ணினாள். ஒன்பது, பத்து, பதினொன்று.

ஒன்றும் பறக்கவில்லை.

பதினான்கு, பதினைந்து. அத்தையின் கை பைக்குள் இருந்தது, உதடு எண்ணிக்கொண்டிருந்தது, உடம்பு கல்லாய்ச் சமைந்திருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவள் பயந்தது பயணச்சீட்டுப் பரிசோதகர்களுக்கு மட்டும்தான். அன்று இரண்டாம் வரிசையில் ஐந்து பரிசோதகர்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றாகத் திரும்பி, இந்தப் பச்சை வெல்வெட் எதற்கு எண்ணுகிறது என்று அவளையே பார்த்தார்கள்.

மேடையில் ஜானியாவின் கால் நடுங்கத் தொடங்கியது. இருபது விநாடி. பஸ்ஸுக்குத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

நாடா கட்டாத பழைய காலணியும் தொளதொளச் சட்டையுமாக அக்மரல் பக்கத்திரையை விட்டு வெளியே வந்தாள். அமைத்தவர் மேடையில் தோன்றக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. யாரும் அப்படிச் செய்யத் துணிந்ததில்லை, அவ்வளவுதான். விளக்கு வெளிச்சத்தைக் கடந்து, பக்கப் படியில் இறங்கி, மூன்றாம் வரிசைக்குப் போனாள். குனிந்து அத்தையின் இரண்டு கையையும் பிடித்தாள்.

"எந்திரிங்க அத்தை. ஒரு அடி வைங்க."

"கால் வரலடீ" என்று அத்தை முணுமுணுத்தாள்.

"வரும். என் காலுதானே அது."

அத்தை எழுந்தாள். ஓர் அடி வைத்தாள். கைகள் இரண்டும் மருமகள் பிடியில் இருந்ததால் முழங்கையில் தொங்கிய பை கவிழ்ந்து, அடிக்கு ஒரு பிடியாக மிட்டாய் வழி நெடுகக் கொட்டியது. பின்னாலிருந்த பெண்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நாற்பது கைப்பைகளும் திறந்தன. மழைக்கு நடுவே அத்தை படியேறினாள், மேடையில் நாலாவது அடி வைத்தாள், ஐந்தாவது வைத்தாள், அவ்வளவுதான், பழைய வேகம் வந்துவிட்டது. இப்போது அக்மரலை அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். காற்றில் எட்டுப் பெண்களின் பாவாடையும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எதிர்ப் பக்கத்திரைக்குள் இருவரும் மறைந்தார்கள். ஜானியா தொப்பென்று உட்கார்ந்து, காகிதத்தைப் பிரித்தாள்.

மதிப்பெண்ணை நடைவழியில் நின்று எம்மா கார்லவ்னா வாசித்தாள். பல்வலிக்கு மூன்று. கருந்துளைக்கு நான்கு. பிறகு தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அக்மரல். நாப்பது விநாடி அதிகம். அஞ்சுக்கு நாலு."

நாலு என்ற சொல் முடியவில்லை. யாரும் எண்ணவில்லை, யாரும் சைகை காட்டவில்லை, அத்தையின் கை தானாகவே, தோளில் போட்டிருந்த கோட்டின் பைக்குள் போய் வந்தது. மிட்டாய் நடைவழி முழுவதும் பறந்தது. புதினா மிட்டாய் ஒன்று நேரே போய் எம்மா கார்லவ்னாவின் கண்ணாடியில் மோதி, அவள் கைத்தாளில் விழுந்தது.

கட்டடம் முழுவதும் தலை உருளக் காத்திருந்தது.

எம்மா கார்லவ்னா மிட்டாயை எடுத்துப் பார்த்தாள். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தையும் பார்த்தாள். "மேடையில விழ வேண்டியது. அம்பது நிமிஷம் தாமதம்" என்றாள்.

"கரண்ட் குறை" என்றாள் அத்தை.

எம்மா கார்லவ்னா மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தாள்.