திடீர் ஆய்வுக்கு ஒத்திகை

‘திடீர்’ என்ற சொல்லுக்கு அகராதிக்காரர்கள் என்ன பொருள் எழுதியிருந்தாலும் சரி, ஓசூர் தொழிற்பேட்டையில் அதற்கு ‘போன வாரமே போன் வந்துவிட்டது’ என்று பொருள். கார்க் கதவுக்குக் கொண்டி அடிக்கும் அந்தக் கம்பெனியின் வாசலில், ‘திடீர் ஆய்வுக்கு வரும் ஆய்வாளர் அவர்களே, வருக வருக’ என்று பேனரே கட்டியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் ரோஜா அனுப்பும் ஓசூரிலேயே ரோஜாவுக்குப் பஞ்சம் போல, மாலை பெங்களூரிலிருந்து வந்திருந்தது.

தொரப்பள்ளி சுகுணாவுக்கோ அந்த ஆய்வாளர் உண்மையாகவே தேவைப்பட்டார். அவள் ஓட்டும் பிரஸ் மிஷினில், கை உள்ளே போனால் நிறுத்துகிற சென்சாரை, உற்பத்தி குறைகிறதென்று கழற்றிவிட்டிருந்தார்கள். அவளுக்கு முன்னால் அதை ஓட்டிய ரூபாவின் விரல்கள் அதில்தான் போயின. அடுத்து அங்கே உட்கார்ந்தவள் சுகுணா.

மேனேஜர் ராஜ்குமார் அந்த மிஷினைத் தார்ப்பாயால் மூடிவிட்டு ஒத்திகையை ஆரம்பித்தார்.

“சார் வந்தா யாரும் வணக்கம் வெக்கக் கூடாது. ஒண்ணும் தெரியாத மாதிரி வேல செய்யணும். பாத்ததும் திடுக்குனு நிமிரணும். எங்க, நிமிருங்க.”

நிமிர்ந்தார்கள்.

“முனிவேலு, பேயப் பாத்தவனாட்டம் முழிக்காதப்பா. அளவா திடுக்கிடு.”

“அளவுன்னா எவ்ளோ சார்?”

“வாங்கற சம்பளத்துக்கு ஏத்த அளவு போதும்ணா,” என்றாள் சுகுணா.

ஆய்வாளர் வந்தார். பேனரைப் படித்தார், மாலையைப் போட்டுக்கொண்டார், தான் வருவது ஈ எறும்புக்கும் தெரியாது என்ற முகத்தோடு உள்ளே நுழைந்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டார்கள். அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

“சொல்லாம வந்தாத்தான் உண்மை தெரியும். அது என்ன மிஷின்?”

“ரிப்பேர் சார். ஒரு மாசமா ஓடல,” என்றார் ராஜ்குமார்.

“காலைல வரைக்கும் நான்தான் சார் ஓட்டினேன்.”

சுகுணா தார்ப்பாயை இழுத்தாள். சுவிட்சைப் போட்டாள். தரை துடைக்கும் மாப்புக் கட்டையை உள்ளே நீட்டி மிதியை அழுத்தினாள். முறிந்த துண்டு ஆய்வாளரின் காலடியில் போய் விழுந்தது.

“ஏம்மா, சொல்லாம கொள்ளாம இப்படியா செய்வாங்க,” என்றார் ராஜ்குமார்.

திடீர் ஆய்வைப் படமெடுக்கக் கம்பெனியே அழைத்திருந்த கேமராக்காரர் அத்தனையையும் எடுத்துவிட்டார். ஆய்வாளருக்கு மனசாட்சி இருந்ததோ என்னவோ, வீடியோ இருந்தது. சென்சார் மாட்டும்வரை மிஷினைத் தொடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சுகுணாவைத் தண்டனையாகப் பாக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே அட்டைப்பெட்டி மடிக்கப் பத்து விரலும் வேண்டியிருந்தது. அவளிடம் பத்தும் இருந்தன.