கயிற்றுக்கு வெளியே விழுந்த பழம்

ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். திருத்தணி மலைமேல் நின்று பார்த்தால் அதன் ஏரியும் பனந்தோப்பும் தெரியும், அது போதும். அந்த மனிதர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். எனக்கெதற்கு வம்பு. வருஷம் 1946, வைகாசி மாதம். அந்த ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்கு எங்கள் கூத்து ஜமாவைப் பத்து நாளுக்குப் பேசியிருந்தார்கள்.

நான் கட்டியக்காரன். பெயர் பரந்தாமன். ராஜா வருவதற்கு முன்னால் வந்து கோமாளித்தனம் பண்ணுவதும், ராஜா பேசும்போது குறுக்கே பேசி ஜனங்களைச் சிரிக்க வைப்பதும் என் வேலை. கூத்தில் யாரை வேண்டுமானாலும் கிண்டல் பண்ணக் கட்டியக்காரனுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை யார்மேல் காட்டலாம், யார்மேல் காட்டக் கூடாது என்பதில் நான் கெட்டிக்காரன். சோறு போடுகிறவரை ஒரு நாளும் கிண்டல் பண்ணியதில்லை.

அர்ச்சுனன் வேஷம் ஆதிகேசவன். என் அக்காவைக் கட்டியவர், பாவா என்றுதான் கூப்பிடுவேன். பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருந்தார். யுத்தம் முடிந்தும் நூல் சரியாகக் கிடைக்காமல் தறி பாதி நாள் சும்மா கிடந்தது, அதனால் கூத்தை நம்பித்தான் குடும்பம் ஓடியது. அதிகம் பேசாத மனுஷன். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு 'ஆங்' போடுவார்.

ஏழாம் நாள் பகலில் அர்ச்சுனன் தபசு. சிவனிடம் அஸ்திரம் கேட்க அர்ச்சுனன் கைலாசம் போகிற கட்டம். எங்கள் பக்கத்தில் கைலாசம் என்றால் ஒரு பனைமரம். உயரமான மரத்தை வெட்டிக் கொண்டுவந்து, குச்சிகளைப் படியாக அடித்து, களத்தின் நடுவில் நட்டுவிடுவார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் விடியற்காலையிலிருந்து பட்டினி, மௌனம். பாட்டைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியில் பூஜை பண்ணி, பையிலிருக்கும் எலுமிச்சம்பழங்களைக் கீழே எறிவார். பிள்ளையில்லாத பெண்கள் ஏரியில் முழுகி, ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றி நின்று மடியை ஏந்துவார்கள். மடியில் விழுந்த பழம் பலிக்கும். தரையில் விழுந்துவிட்டால் அது வெறும் எலுமிச்சம்பழம், ஊறுகாய்க்குத்தான் ஆகும். பழம் மொத்தம் பதினெட்டு. அரக்கோணம் சந்தையில் பொறுக்கி வாங்கியது நான் என்பதால், அதில் என்ன மகிமை இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

மரத்திலிருந்து நாற்பது அடி தள்ளி, சுற்றிலும் கயிறு கட்டுவது அந்த ஊர் வழக்கம். மாவிலை செருகியிருப்பார்கள், பார்ப்பதற்குத் தோரணம் மாதிரி இருக்கும். கயிற்றுக்கு உள்ளே ஊர். வெளியே, இன்னும் முப்பது அடி தள்ளி, புளியமரத்தடியில் சேரி ஜனங்கள். அந்த வருஷம் சேரியிலிருந்து நாலு பேர் போய், எங்களையும் உள்ளே விடுங்கள் என்று தர்மகர்த்தா பக்தவச்சலத்திடம் கேட்டிருக்கிறார்கள். உள்ளே வந்தால் கூத்தும் கிடையாது, அறுவடைக்குக் கூலி வேலையும் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். கயிற்றைப் புதுசாக மாற்றி இரண்டு சுற்றாகக் கட்டவும் சொன்னார்.

தபசு அன்று மத்தியானம் நாங்கள் வேஷம் கட்டுகிற கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். பெயர் கெங்கம்மாள், சேரிப் பெண். நான் இன்னும் முகத்துக்கு அரிதாரம் பூசவில்லை.

"ஐயா, ஒரு பழம் எங்க பக்கம் போடச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு."

"கயிறு இருக்குதேம்மா."

"எனக்குக் கல்யாணமாயி ஏழு வருசம். எங்க அத்தை வேற பொண்ணு பாத்துட்டாங்க. தபசுப் பழம் மடியில வுழுந்தா இன்னும் ஒரு வருசம் பொறுக்கிறேன்னு சொல்லிகீறாங்க. இல்லாட்டி ஆடி கழிஞ்சதும் வூட்டை வுட்டுப் போயிடணும். எனக்கு நைனா இல்ல, போக்கிடமும் இல்லீங்க."

"நாங்க கூலிக்கு ஆடறவங்க. தர்மகர்த்தாவைப் போயிக் கேளு."

"அவரைக் கேக்க முடிஞ்சா உங்களாண்ட ஏன் வரேன்?"

மடக்கிக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், அது என் சுபாவம். "போம்மா, போ, வேலையைப் பாரு" என்று விரட்டிவிட்டேன். பாவா கண்ணாடியைப் பார்த்து விபூதி பூசிக்கொண்டிருந்தார். மௌன விரதம். கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு மனசு உறுத்தியது. இருந்தாலும் மூன்று நாள் கூத்து பாக்கி இருந்தது.

மரம் ஏறுவதற்கு முன் பக்தவச்சலமே பாவாவின் காலை மஞ்சள் தண்ணீரால் கழுவி, அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார். இதைக் கவனிக்க வேண்டும். மரம் ஏறியபின் அங்கே இருப்பது நெசவாளி ஆதிகேசவன் இல்லை, அர்ச்சுனன். இறங்கி வரும்வரை அவரை ஒருவரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. சொன்னால் ஊருக்கு மழை இருக்காது.

பாவா ஏறினார். வெயில் தலையைப் பிளந்தது. மரத்தடியில் பன்னிரண்டு பெண்கள் மடியேந்தி நின்றார்கள். முதல் வரிசையில் ரஞ்சிதம், தர்மகர்த்தாவின் மூத்த மருமகள். கல்யாணமாகி ஐந்து வருஷம். பிள்ளையில்லை என்று பெரிய வீட்டில் அவள் கேட்ட பேச்சு ஊருக்கே தெரியும்.

உச்சியில் பாவா முதல் பழத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எறிந்தார். அது ரஞ்சிதத்தின் தலைக்கு மேலே போய், கயிற்றுக்கு மேலே போய், புளியமரத்தடியில் கெங்கம்மாளின் காலருகே விழுந்து உருண்டது. பாவம், அவள் மடியே ஏந்தியிருக்கவில்லை. பழமும் கெட்டுப்போயிற்று.

'பட்டினி மயக்கம், குறி தப்பிவிட்டது' என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான். "ராஜா, கைலாசம் இந்தப் பக்கம்!" என்று கத்தினேன். ஜனங்கள் சிரித்தார்கள்.

இரண்டாவது பழமும் புளியமரத்துக்கே போயிற்று. இந்தத் தடவை கெங்கம்மாள் முந்தானையை விரித்திருந்தாள். பழம் பொத்தென்று மடியில் விழுந்தது. சேரி ஜனங்களிடமிருந்து ஒரு சத்தம் எழுந்தது, அந்த மாதிரிச் சத்தத்தை நான் எந்தக் கூத்திலும் கேட்டதில்லை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, எல்லாம் அங்கேதான். மயக்கம் யாருக்கும் அவ்வளவு ஒழுங்காக வராது. மரத்தடியில் சிரிப்பு நின்றுவிட்டது.

மேலே இருப்பவரைத் திட்ட முடியாது. கீழே இருப்பவனைத் திட்டலாம். பக்தவச்சலம் என் பக்கம் திரும்பினார்.

"டேய் கட்டியக்காரா! இன்னாடா பண்றான் உங்க ராஜா? கேள்றா!"

கேட்டேன். பாவா அடுத்த பாட்டை எடுத்தார், அடுத்த பழத்தையும் எறிந்தார். பதில் நான்தான் சொல்லியாக வேண்டும். இந்த ஊர்க் கூத்து கையைவிட்டுப் போனால் பக்கத்து நாலு ஊரும் போகும். புளியமரத்தைப் பார்த்தேன். கெங்கம்மாள் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாராவது வந்து பிடுங்குவார்களோ என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அவளை விரட்டிய வாய் இது. வெட்கமாக இருந்தது.

கட்டியக்காரன் கோலை உயர்த்தினேன். "மகா ஜனங்களே! அர்ச்சுன மகாராசா எறிஞ்ச பழம் எங்க வுழுதோ அதான் கைலாசம். கைலாசம் எழுந்து புளியமரத்தாண்ட போயிடுச்சு, நான் இன்னா பண்றது? பழம் வேணுங்கிறவங்க அங்க போங்க. வேணாங்கிறவங்க பனைமரத்தைக் கட்டிக்கினு நில்லுங்க!"

முதலில் ஒருவரும் அசையவில்லை. அப்புறம் ரஞ்சிதம் குனிந்தாள். இரண்டு சுற்றுக் கயிற்றையும் ஒரு கையால் தூக்கி, அடியில் நுழைந்து வெளியே போனாள். அவள் பின்னால் இன்னொருத்தி, பிறகு நாலு பேர். ஈரப் புடவை காலைத் தடுக்கத் தடுக்க ஓடினார்கள். ஆண்கள் போட்ட கூச்சல் ஒன்றும் அவர்கள் காதில் ஏறவில்லை. ஐந்து வருஷமாக வீட்டில் கேட்ட பேச்சுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு கூச்சலா?

ஆனால் ரஞ்சிதம் போய்ச் சேர்வதற்குள் பை காலி. பாவா பையை உதறிக் காட்டிவிட்டார். ரஞ்சிதம் வெறும் மடியோடு நின்றாள். கெங்கம்மாள் மடியில் இரண்டு பழங்கள் இருந்தன, மற்றதெல்லாம் சேரிப் பெண்கள் மடிக்குப் போயிருந்தது.

கெங்கம்மாள் ஒன்றை எடுத்தாள். சேரிப் பெண் ஊர்ப் பெண்ணுக்கு எதையும் கையில் கொடுக்கக் கூடாது, தரையில் வைத்துவிட்டு விலகிப் போக வேண்டும். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், அவள் யோசிக்காமல் குனிந்தாள்.

"கீழ வைக்காதே! வச்சா பலிக்காது!" என்று ரஞ்சிதம் அலறினாள். கெங்கம்மாளின் முழங்கையைப் பிடித்து நிமிர்த்தினாள். மற்றக் கையால் மடியை நீட்டினாள். "இதுல போடு."

கெங்கம்மாள் பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு போட்டாள்.

"ஏய் ரஞ்சிதம்! அத்தத் தூக்கிப் போடு!" பக்தவச்சலம் கயிற்றோரம் வந்து நின்று கத்தினார். "அவ தொட்ட பழம் என் வூட்டு வாசப்படி ஏறக் கூடாது!"

ரஞ்சிதம் மாமனாரைப் பார்த்தாள். பழத்தை எடுத்து அப்படியே கடித்தாள். தோலோடு, கொட்டையோடு. புளிப்பில் முகம் கோணி, கண்ணில் தண்ணீர் கொட்டியது. விடவில்லை. முழுப் பழத்தையும் மென்று விழுங்கிவிட்டு, "வயித்துக்குள்ள போயிடுச்சு மாமா. இப்ப நான் வாசப்படி ஏறலாமா, கூடாதா?" என்று கேட்டாள்.

அவர் என்ன சொல்வார்? வாரிசு வேண்டும் என்று மலைக்கு ஐந்து காவடி எடுத்தவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பாவா இறங்கி வந்து விரதம் முடித்ததும், "ஏன் பாவா இப்படிப் பண்ணே? என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"உன்னாண்ட சொன்னா வேணாம்னு சொல்லியிருப்பே" என்றார். அது உண்மைதான்.

மிச்சக் கூத்தை நடத்தினார்கள், பாரதத்தைப் பாதியில் நிறுத்துவது ஊருக்கு ஆகாது. ஆனால் எங்களை யாரும் வழியனுப்ப வரவில்லை, அடுத்த வருஷம் கூப்பிடவும் இல்லை. நினைத்தபடியே பக்கத்து ஊர்களும் போயின. பாவா அரக்கோணம் ரயிலடியில் ஆறு மாதம் மூட்டை தூக்கினார். ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுவருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போயிருந்தேன். சுதந்திரம் வருகிறதென்று ஜனங்களெல்லாம் அதே பேச்சாக இருந்த சமயம். அடிவாரத்துக் கடைத்தெருவில் காவடிக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பெண் எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கெங்கம்மாள். என்னை அவளே கண்டுகொண்டு கும்பிட்டாள்.

"பழம் பலிச்சுதாம்மா?"

"எனக்கு இல்லீங்க. ரஞ்சிதம்மாவுக்குப் பங்குனியில ஆம்பளைப் புள்ள."

மாமியார் கொடுத்தது ஒரு வருஷத் தவணைதான், அதுவும் முடிந்துவிட்டது. "அப்போ உன்னை உங்க அத்தை..."

"அனுப்புவாங்களா?" என்று சிரித்தாள். "என் கையால வாங்கின பழம்தான் பலிச்சுதுன்னு ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் இப்ப எங்க வூட்டுக்கு வராங்க. எங்க அத்தை என்னைக் கண்ணுல வச்சிப் பாத்துகினு கீறாங்க. இந்த வருசம் வேற ஜமா வந்தாங்க, கயிறும் கட்டினாங்க. பொம்பளைங்க எல்லாம் புளியமரத்தாண்ட எங்க கூட வந்து நின்னுட்டாங்க. கயித்துக்குள்ள ஆம்பளைங்க மட்டும் நின்னுகினு இருந்தாங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கடைக்காரன் கூடத் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"சும்மா குடுக்கறதில்லீங்க. ஒரு மொறை வச்சிகீறேன். வூட்டுக்குள்ள வரணும். பாயில குந்தணும். எங்க பானையில நான் மொண்டு குடுக்கிற தண்ணியைக் குடிக்கணும். அப்பத்தான் மடியில பழம் போடுவேன். இல்லாட்டி பலிக்காதுன்னு சொல்லிட்டேன்."

"யாரு சொன்ன மொறைம்மா இது?"

"நான் சொன்னதுதான்."

முப்பது வருஷம் கூத்தில் வாயடித்தவன் நான். எனக்கு ஒரு நாளும் இது தோன்றியதில்லை. "குடிக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"மொத மொதல்ல வந்தவங்க வாசல்லியே நின்னு அழுதுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. மறுநாளே வந்து குடிச்சாங்க. போன வெள்ளிக்கெழமை தர்மகர்த்தா பொஞ்சாதி சின்ன மருமவளைக் கூட்டிகினு வந்தாங்க. மருமவ குடிச்சிச்சு. பெரியம்மா ரொம்ப நேரம் செம்பையே பாத்துகினு இருந்தாங்க. அப்புறம் அவங்களும் குடிச்சாங்க. வெயில்ல நடந்து வந்தவங்க பாருங்க, இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடிச்சாங்க" என்றாள் கெங்கம்மாள்.