ஊதாப் பொடி

“ஜன்னலச் சாத்துங்கப்பா” என்றாள் அக்ஷயா. பொங்கியண்ணன் சாத்தினார். பட்டப்பகலில் அறை இருண்டது. மருதாசலம் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வெளி வாசலில் ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மருதாசலத்தின் தாமிர முலாம் பூசும் பட்டறை நேற்று மாலையிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. சாவி பொங்கியண்ணன் சட்டைப்பையில். அந்தப் பட்டறை வந்த பிறகுதான் தென்னையில் குரும்பை கொட்டுகிறது என்று கருவிக்கொண்டிருந்தவருக்கு மகளே வழி காட்டிவிட்டாள். “நீங்க குடுத்த கெணத்துத் தண்ணியில தாமிரம் இருக்குதுங்கப்பா.” அதற்குமேல் அவர் நிற்கவில்லை. ஊரைக் கூட்டிக்கொண்டு போய், வேலையாட்கள் முன்னால் அவனை வாய்க்கு வந்தபடி பேசி, பூட்டைப் போட்டுவிட்டுத்தான் வந்தார்.

மகளின் படிப்பை அவர் நம்பியதே இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் எதையெதையோ அமிலத்தில் கொதிக்க வைப்பாள். தார் மாதிரிக் கறுத்துப்போகும். அதைக் கழுவி வடித்தால் ஒரு சிட்டிகை ஊதாப் பொடி. கண்ணுக்குத் தெரியாத வளையமாம், நடுவில் குழியாம், உலோகம் வந்தால் அதில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். வெறும் வளையம் நீல விளக்கில் சிவப்பாக ஒளிரும். தாமிரம் உட்கார்ந்தால் அணைந்துவிடும். இதுக்கா இத்தனை வருசம் என்பார். நேற்று மட்டும் நம்பினார். அவருக்கு வேண்டியதை அது சொன்னது.

இன்று காலை அக்ஷயாவே கிணற்றில் இறங்கி, கல்லூரி பாட்டிலில் தண்ணீர் மொண்டு வந்தாள். பொடி கரைத்த கண்ணாடிக் குழாயில் அதைச் சொட்டி வெந்நீரில் நிறுத்தியிருந்தாள்.

“ஏனுங்கப்பா, நேத்து குடுத்த தண்ணிய எதுல வெச்சிருந்தீங்க?”

“பிளாஸ்டிக்க எவன் நம்பறது? பூசை ரூமு தாமிரக் கொடத்துலதான். ராத்திரியெல்லாம் மூடித்தான் வெச்சிருந்தேன். அதும் புளி போட்டுத் தேச்சு...”

வாய் பாதியில் நின்றது. அக்ஷயா அவரைப் பார்க்கவில்லை.

மருதாசலம் முதல் தடவையாக வாய் திறந்தான். “ஏனுங்ண்ணா, உங்க ஊட்டுலயும் ஒரு பட்டறை ஓடுதாட்ட இருக்குதுங்க?”

“பொத்துடா. இன்னும் பாக்கவே இல்ல.”

அக்ஷயா குழாயைத் துடைத்து எடுத்தாள். பொங்கியண்ணனுக்குத் தன் மூச்சே காதில் கேட்டது. அணையட்டும், அணைஞ்சு தொலையட்டும் என்று, தான் குடிக்கிற தண்ணீருக்கு அவரே வேண்டிக்கொண்டார். நீல விளக்கு எரிந்தது.

குழாய் அடுப்புத் தணல் போலச் சிவந்தது.

மருதாசலம் குனிந்து பார்த்தான். அவன் மூக்குக்கண்ணாடியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

“ஜன்னலத் தொறந்துருங்கப்பா.”

அவர் கொக்கியில் ஒரு கையை வைத்தார். மற்றது சட்டைப்பைச் சாவியைப் பற்றியிருந்தது. வெளியே பேச்சு நின்றிருந்தது. யாரோ செருமினார்கள். இருட்டில் அந்த இரண்டு சிவப்புப் புள்ளிகளும் அவர் பக்கம் திரும்பின.