ஏழே ஏழு பேர்

கானாவின் குமாசியில் அந்த வாரம் பிராகோவைப் போலத் தலைநிமிர்ந்து நடந்தவள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள். நடக்கட்டுமே, என்ன தப்பு? கர்ப்பம், பிரசவம், கருப்பை என்று பெண்கள் வாய்விட்டுக் கேட்க முடியாததையெல்லாம் மருத்துவச்சியிடம் போனிலேயே கேட்க ஒரு செயலி. கேள்வியையும் பதிலையும் எல்லாரும் படிக்கலாம். கேட்டவள் யார் என்பது மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. அந்தச் செயலியை வடிவமைத்தவள் அவள்.

"ஊர்ல இருக்கற ஆப் எல்லாம் ஆளை உறிஞ்சுது. நம்மளது ஆளை ஏறெடுத்தும் பாக்காது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பொய்யில்லை. அது போன் நம்பர் கேட்காது. போனில் இருக்கிற மற்றவர் நம்பர்களைத் துழாவாது. எங்கே நிற்கிறாய் என்று மோப்பம் பிடிக்காது. பதில் வந்தால்கூடத் திரையில் ஒரு மணிப் படம்தான் தெரியும். போனை எடுத்து நோண்டுகிற புருஷனுக்கு ஒரு மண்ணும் புரியாது.

பேருக்கு அவள் பிடித்த வழிதான் எல்லாவற்றுக்கும் மேல். இங்கே பிறந்த கிழமைதான் பிள்ளைக்கு முதல் பேர். வியாழனில் பிறந்தவள் யா, வெள்ளியில் பிறந்தவள் அஃபியா. கெஜெட்டியா சந்தையில் நின்று "யா!" என்று ஒரு குரல் கொடுத்தால் ஒரு வரிசையே திரும்பிப் பார்க்கும். ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல கூட்டம் எங்கே கிடைக்கும்? அதனால் 'வீட்டில் உன்னைக் கூப்பிடும் பேர்' என்று ஒரே ஒரு கட்டம் வைத்தாள். கேள்விக்கு மேலே அந்தப் பேர் மட்டும் வரும். முதலாளி சார்பொங் மேஜையைத் தட்டி, "இதெல்லாம் வெளிநாட்டுக்காரனுக்கு சாமானியமா தோணுமா?" என்றார். பிராகோவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

முதலில் சந்தைப் பெண்களுக்கு மட்டும் திறப்பதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலை, ரேடியோக்காரர்களை வைத்துக்கொண்டு. அன்றைக்குக் காட்ட நிஜக் கேள்விகள் சில வேண்டுமே என்று பிராகோ கடை கடையாக ஏறி இறங்கினாள். தலைத்துணி விற்கிற தாவியா முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு துணிக்கட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"நிஜமாவே யாருக்கும் தெரியாதா அக்கா?"

"சத்தியமா தெரியாது. என் வாக்கு."

தாவியா அங்கேயே உட்கார்ந்து தட்டினாள். மூன்று கரு கலைந்துவிட்டது. புருஷன் வீட்டில் யாருக்கும் தெரியாது. பிள்ளை வேண்டாம் என்று இவள் மருந்து சாப்பிடுகிறாள் என்று அங்கே பேச்சு. இனி ஒன்று தங்குமா? அவ்வளவுதான் கேள்வி. எதிர்க்கடையில் வாளி விற்றுக்கொண்டிருந்தவள் அவளுடைய நாத்தனார் கொனாடு. தம்பிக்கு அவள் சொல்தான் வேதவாக்கு. இவளைத் திருப்பி அனுப்பு என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாவியா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மருத்துவச்சி பதில் எழுதி வைத்துவிட்டாள். கேள்வியும் பதிலும் வெள்ளிக்கிழமை வெளியாகக் காத்திருந்தன.

வியாழக்கிழமை மத்தியானம் பிராகோ புகைமீன் வரிசைக்குப் போனாள். அங்கே டுஃபி இருக்கிறாள். அந்தச் சந்தையில் யார் வீட்டில் எந்தச் சட்டி உடைந்தாலும் சத்தம் முதலில் டுஃபி காதில்தான் விழும். அவளையே ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று பிராகோவுக்கு ஆசை. கடைக்காரிகள் பழகிப் பார்க்க விளையாட்டாகப் போட்டு வைத்திருந்த கேள்விகளைத் திறந்து போனை நீட்டினாள்.

"ஆன்ட்டி, இதுல யாரு என்ன கேட்டான்னு சொல்லு பாப்போம்."

டுஃபி மீன் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். "அமாவாம், தூக்கம் வரலையாம். எந்த அமாவைக் கண்டேன்? யாவாம், முதுகு வலியாம். போ, எனக்குக்கூடத்தான் வலிக்குது. அகோசுவா... ம்ஹூம். நல்லாத்தான் மறைச்சிருக்கே, கள்ளி."

பிராகோவுக்கு வாயெல்லாம் பல்.

"அட, இது நம்ம தலைத்துணிக்காரி! கால் வீங்குதாமே அவளுக்கு? நேத்துகூட ஆடிக்கிட்டுல்ல போனா?"

"யாரு?"

"தாவியாதான். பேரைப் போட்டுட்டு யாருன்னு கேக்கறியே. இரட்டைப் பிள்ளைக்கு அடுத்துப் பொறந்தவளுக்குத்தானே அந்தப் பேரு? சந்தையைச் சல்லடை போட்டுச் சலிச்சாலும் ரெண்டு தாவியா. ஒருத்தி தக்காளிக் கிழவி, அதுக்கு போனே கிடையாது!"

டுஃபி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிராகோ போனை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். ஐயோ, எவ்வளவு பெரிய மடத்தனம்! பிராகோவை அவள் வீட்டில் புதன்கிழமைப் பேரான அகுவா என்று கூப்பிட்டார்கள். அதனால் எல்லா வீட்டிலும் கிழமைப் பேர்தான் புழங்கும் என்று நினைத்துவிட்டாள். இரட்டையில் மூத்தவளைப் பான்யின் என்றும் ஆறாவதாகப் பிறந்தவளை ன்சியா என்றும் கூப்பிடுகிற வீடுகள் அவள் தெருவிலேயே இருந்தன. வேறு ஊர்க்காரி யாரும் இப்படி ஒரு கட்டம் வைத்திருக்கவும் மாட்டாள், இப்படிக் கோட்டை விட்டிருக்கவும் மாட்டாள். விடிந்தால் தாவியாவின் கேள்வி அவள் பேரைத் தலையில் சுமந்துகொண்டு சந்தைக்கு வந்துவிடும்.

"நாளைக்குத் திறக்கக் கூடாது பாஸ்" என்று அலுவலகத்துக்குள் நுழையும்போதே சொல்லி, நடந்ததையெல்லாம் கொட்டினாள்.

சார்பொங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ரேடியோவைக் கூப்பிட்டாச்சு. சந்தைத் தலைவி அம்மா வராங்க. எனக்குப் புதுச் சட்டை வேற தச்சாச்சு! அந்த ஒரு கேள்வியை எடுத்துட்டுத் திற."

"இன்னொரு ன்சியா வந்தா? இன்னொரு பான்யின்? தெரிஞ்சுகிட்டே குழியைத் திறந்து வெச்சுட்டு, விழறவ விழட்டும்னு விடச் சொல்றீங்களா?"

"உன் தப்புக்கு என் மானம் போகணுமா?"

"என் தப்புதான். அதைத்தான் திருத்தறேன்னு சொல்றேன். உங்க மானம் ஒரு வாரத்துல திரும்பி வந்துரும் பாஸ். அவளுக்குப் போனா வராது."

சார்பொங் அவளை முறைத்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி முறைத்தார். பிறகு போனை எடுத்து ரேடியோக்காரரிடம் தனக்கு வயிற்றுப்போக்கு என்று சொன்னார். மனுஷன் கோபக்காரர்தான், ஆனால் நல்ல மனுஷன்.

பிராகோ அந்தக் கட்டத்தையே பிடுங்கி எறிந்தாள். எழுதி வைத்திருந்த பேர்களையெல்லாம் மிச்சமில்லாமல் அழித்தாள். அந்த இடத்தில் ஏழு பொத்தான்கள். நீ பிறந்த கிழமையைத் தொடு, போதும். எந்தக் கிழமை என்று தெரியாதவள் பிடித்த கிழமையைத் தொடட்டும், யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? கேள்வியை அனுப்பியதும் யார் அனுப்பினாள் என்கிற தடத்தைச் செயலி மறந்துவிடும். கேள்வி கேட்டவளின் போன்தான் பதில் வந்ததா என்று அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் மாரடித்துவிட்டு, தாவியாவிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தாவியாவின் முகம் வெளுத்துப் போயிற்று. எதிர்க்கடையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"நீயாத்தானே வந்து சொன்னே?" என்று கடைசியில் கேட்டாள். "குடு போனை."

வாங்கி வியாழன் பொத்தானைத் தொட்டாள். அவள் பிறந்தது வியாழக்கிழமை. தாவியா என்றே கூப்பிட்டுப் பழகியதில் அவளைப் பெற்றவளுக்கே அது மறந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை சார்பொங் புதுச் சட்டையில் வந்தார். சந்தைத் தலைவி அம்மா பெரிய நாற்காலியில் உட்கார்ந்தாள். டுஃபி ஒரு கையில் கென்கி என்கிற சோளமாவு உருண்டையும் மறு கையில் போனுமாக முன்னால் நின்று, "நான் கண்டுபிடிக்காத பொம்பளை இன்னும் பொறக்கலை!" என்று சவால் விட்டாள். ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். அஃபியா என்றால் நாலு அஃபியாக்கள் "நானில்லை" என்று கத்தினார்கள். அபெனா என்றால் ஒரு சண்டையே மூண்டது. ஒன்றும் தேறவில்லை.

"இது யா. மூணு கரு கலைஞ்சிருச்சாம். புருஷன் வீட்ல சொல்லலையாம். மருந்து திங்கறான்னு பேசறாங்களாம். இனிமே தங்குமான்னு கேக்குது."

சிரிப்பு அடங்கிவிட்டது. கூட்டத்தின் ஓரத்தில் தாவியா ஒரு தலைத்துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிராகோ அவள் பக்கம் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"வெங்காய வரிசை யா!" என்றாள் டுஃபி, அரை மனதாக.

"எனக்கு ஆறு பிள்ளைங்க, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று பதில் வந்தது.

அப்போதுதான் கொனாடு பேசினாள். வாளிக் கடையிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். "நானும் வியாழக்கிழமைதான். நானுந்தான் யா. என்னைச் சொல்லிராதீங்க." யாரும் சிரிக்கவில்லை. அவள் குரல் இறங்கியது. "எங்கம்மாவுக்கும் ரெண்டு கலைஞ்சுது. அப்புறந்தான் நான். வெளியே சொன்னதில்லை. அந்தப் பொண்ணு யாரோ, அந்த வீட்டுக்காரங்க அவளை வெச்சுத் தாங்கணும். தெரியாம பேசற வாய் நாசமாப் போக!"

"மருத்துவச்சி என்னடி சொல்லியிருக்கா? அதைப் படி" என்றாள் தலைவி அம்மா.

"தங்கலாமாம். மூணு முறை கலைஞ்சவங்க நிறைய பேருக்குத் தங்கியிருக்காம். காரணம் பாக்கப் பெரியாஸ்பத்திரிக்கு வரணுமாம், மருத்துவச்சியே கூட வராளாம்."

தாவியா மடித்த துணியைக் கீழே வைத்தாள். கொனாடுவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சாதாரணமாகக் கேட்பதைப் போல, "அக்கா, உங்கம்மா அப்போ என்ன சாப்ட்டாங்க?" என்றாள்.

"வா, கடைக்கு வா, சொல்றேன்" என்றாள் கொனாடு. இருவரும் வாளிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார்கள்.

பிராகோவுக்குக் கண் கரித்தது. பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை, நெஞ்சு கொள்ளவில்லை.

ரேடியோக்காரர் மைக்கோடு ஓடிவந்தார். "அந்த யா யாருன்னு சொல்லுங்க மேடம். குரலை மாத்திப் போடறோம், பேரும் சொல்லமாட்டோம்."

பிராகோ சார்பொங்கைப் பார்த்தாள். சார்பொங் புதுச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"எங்களுக்கே தெரியாது தம்பி," என்றார், சந்தை முழுக்கக் கேட்கும்படி. "தெரியாத மாதிரி செஞ்சது இதோ, எங்க பொண்ணு."